ஆறு மணிக்கு மேல் யாருடைய நேரம்?

(மைசூருவில் தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரை ஏழு ஆண்டுகள் நடத்தியவர் ஒரு தாய். 1894 டிசம்பரில் பத்தாம் சாமராஜ உடையார் கல்கத்தாவில் திடீரென்று காலமானபோது, பட்டத்துக்குரிய மகனுக்குப் பத்து வயது. மகாராணி கெம்பநஞ்சம்மண்ணிக்கு 28. 1895 முதல் 1902 வரை மகனுக்காக அவர்தான் அரசுப் பொறுப்பைச் சுமந்தார். அந்த ஏழு ஆண்டுகளுக்குள் பழைய அரண்மனை தீக்கிரையானது. ஹென்றி இர்வினை அழைத்துப் புதிய அரண்மனையைத் தொடங்கினார்கள். பிளேக் வந்து ஊரையே காலி செய்தது. சிவனசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயல் வரை கம்பி இழுத்தார்கள். இன்றும் நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் வாணி விலாஸ் என்று அவர் பட்டப்பெயர் தாங்கிய அலுவலகத்துக்குத்தான் போன் போடுகிறோம். அரசியாருக்குச் சேஷாத்ரி ஐயர் போன்ற திவான் இருந்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அரண்மனை நிறைய ஆட்கள் இருந்தார்கள். நான் பேச வந்திருப்பது திவானும் இல்லாத, ஆயாவும் இல்லாத தாய்மார்களைப் பற்றி.

நான் கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இந்தப் பாடத்துக்கு மைசூரு புதிய ஊரல்ல. 1924லேயே மகாராஜா கல்லூரியில் உளவியல் துறை வந்துவிட்டது. அதை வளர்த்த பேராசிரியர் எம்.வி.கோபாலசுவாமிதான் 1935இல் ஒண்டிகொப்பலில் தம் வீட்டிலேயே வானொலி நிலையம் வைத்து, ஆகாசவாணி என்ற பெயரையும் சூட்டியவர். ஒரே மனிதர் பாடத்தையும் பார்த்தார், வானொலியையும் பார்த்தார். வீட்டை யார் பார்த்தார்கள் என்று கேட்கும் வழக்கம் அன்றைக்கும் இல்லை.

பணிச்சோர்வு என்று நாம் இன்று சொல்வதை 1974இல் முதலில் விவரித்து எழுதியவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்த உளவியலாளர். அவர் கவனித்த விஷயம் இது: கடனே என்று வந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள், மனம் ஒப்பி, உயிரைக் கொடுத்து உழைத்தவர்கள்தான் முதலில் ஓய்ந்துபோனார்கள். பிறகு 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்ற இரண்டு பெண்கள் இதற்கு ஓர் அளவுகோல் செய்தார்கள். அதில் மூன்று கூறுகள். முதலாவது, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி. இரண்டாவது, எதிரே இருப்பவர் மேல் அக்கறை வற்றிப்போவது. நோயாளியின் பெயர் மறந்து ‘பன்னிரண்டாம் கட்டில்’ என்று மட்டும் நர்ஸ் நினைவில் வைத்திருப்பாரே, அது. மூன்றாவது, நான் செய்வதில் ஒன்றுமே உருப்படியில்லை என்ற எண்ணம். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என்று சொல்லாமல், வேலையிடம் உண்டாக்கும் நிலை என்று வகைப்படுத்தியது. இந்த வேறுபாடு முக்கியம். நோய் என்றால் மருந்து சாப்பிட வேண்டியவள் அவள். வேலையிடம் உண்டாக்கியது என்றால் மருந்து சாப்பிட வேண்டியது வேலையிடம்.

இதற்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பெற்ற பின் வரும் மன அழுத்தம் நோய்தான். அதை ‘வேலைக்குப் போகிற அலுப்பு’ என்று தள்ளிவிடக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும். இந்த ஊர் சாமராஜபுரத்தில் பிறந்த கன்னட எழுத்தாளர் திரிவேணி உளவியல் படித்தவர். பேறுகாலத்தை ஒட்டி மனம் பேதலிக்கும் பெண்ணைப் பற்றி ‘சரபஞ்சர’ நாவலை எழுதினார். 1971இல் புட்டண்ண கணகால் அதைப் படமாக எடுத்தார், கல்பனா நடித்தார். அதில் அந்தப் பெண் குணமாகிவிடுகிறாள். அவளைச் சுற்றியிருப்பவர்கள்தான் குணமாவதில்லை. திரிவேணி 1963இல், 35 வயது நிறையும் முன்பே, பிள்ளை பெற்ற சில நாட்களில் இறந்துபோனார்.

இனி, வேலை தரும் நிறைவைப் பற்றி. ‘உங்கள் வேலை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?’ என்று தாய்மார்களிடம் படிவம் கொடுத்துக் கேட்டால், ஐந்துக்கு நாலு என்று போடுவார்கள். நிர்வாகம் அந்தத் தாளைப் பத்திரமாகக் கோப்பில் வைத்துக்கொள்ளும். இந்தப் படிவத்தை நான் நம்புவதில்லை. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதால் அல்ல, உண்மையைத்தான் சொல்கிறார்கள். படிவம்தான் பாதியை மட்டும் கேட்கிறது.

1959இல் உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் தம் குழுவினரோடு, பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசிவிட்டு ஒரு முடிவைச் சொன்னார். வேலையில் மகிழ்ச்சி தருவது ஒரு வகைக் காரணங்கள்: செய்யும் வேலை, பொறுப்பு, செய்து முடித்த திருப்தி. வேலையில் வெறுப்பைத் தருவது வேறு வகை: மேலதிகாரி, விதிமுறை, சம்பளம், சூழல். ஒன்று கூடினால் மற்றது குறையும் என்பதில்லை. இரண்டும் தனித்தனிக் கணக்கு. அவருடைய ஆய்வு முறையைப் பிறகு பலர் குறை சொன்னார்கள், ஆனால் இந்த ஒரு விஷயம் நான் பார்த்த தாய்மார்களுக்கு அப்படியே பொருந்துகிறது. 1997இல் ஆண்ட்ரூ கிளார்க் என்ற பொருளியலாளர் பிரிட்டனில் இன்னொன்றைக் காட்டினார். பெண்களுக்குச் சம்பளம் குறைவு, பதவி உயர்வு குறைவு. ஆனாலும் வேலை நிறைவு மட்டும் ஆண்களைவிட அதிகம். காரணம், அவர்கள் எதிர்பார்ப்பதே குறைவு. நன்கு படித்த, இளம் வயதுப் பெண்களிடம் அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. அம்மா ஐந்துக்கு நாலு போட்ட இடத்தில் மகள் இரண்டு போடுவாள். உடனே, இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை இல்லை என்போம்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். வேலை பிடித்திருப்பதும் வேலையால் ஓய்ந்துபோவதும் ஒரே பெண்ணிடம், ஒரே நாளில் இருக்க முடியும். அவளுக்கு இல்லாமல் போவது ஆசையோ திறமையோ அல்ல. எத்தனை மணிக்கு வெளியே வரலாம் என்று தானே தீர்மானிக்கும் அதிகாரம்தான் அவளிடம் இல்லை.

ஆடை ஆலைக்குள் போவோம். நம்மைச் சுற்றி நஞ்சன்கூடு, தாண்டவபுரம், ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கமெல்லாம் பெண்கள் தையல் வேலைக்குப் போகிறார்கள். காலை ஏழு, ஏழரைக்கெல்லாம் கிராமங்களிலிருந்து வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிளம்பும். உள்ளே வரிசை வரிசையாக மெஷின். ஒரு லைனில் ஒருத்தி காலர், அடுத்தவள் கை, அதற்கடுத்தவள் பட்டன் பட்டி. மணிக்கு ஒரு தடவை பலகையில் எண் எழுதுவார்கள்: டார்கெட் இத்தனை, முடிந்தது இத்தனை. ஒருத்தி கழிப்பறைக்குப் போனால் அவளுக்குப் பின்னால் இருப்பவளிடம் பீஸ் வந்து சேராது. அதனால் அவள் போவதில்லை, அதனால் தண்ணீரும் குடிப்பதில்லை. நான் பேசிய ஒரு பெண், காலர் தைப்பவர், தைத்த துணியைப் புரட்டி, நுனியைக் குச்சியால் தள்ளிக் கூராக்கிக் காட்டினார். இரண்டு நுனியும் ஊசி மாதிரி ஒரே அளவு. “இது இந்த லைன்ல என்னை விட்டா யாருக்கும் வராது மேடம்” என்றார். அந்தப் பெருமையைப் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “டார்கெட் முடியலைன்னா இருந்து முடிச்சுட்டுப் போன்னுவாங்க. அஞ்சரை தாண்டுச்சுன்னா கை நடுங்கும். பாப்பா பக்கத்து வீட்டுல இருக்கா. அவங்க முகத்தைச் சுளிக்காம இருக்கணுமே.”

இராபர்ட் கராசெக் 1979இல் எழுதிய கொள்கை ஒன்று உண்டு. வேலைப்பளு மட்டும் மனிதரைச் சாய்ப்பதில்லை. பளு அதிகமாகவும், அதன் மேல் தன் பிடி குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் மனிதர் சாய்கிறார். காலர் தைக்கும் பெண்ணிடம் அதைப் பாடமாக நடத்தப் போனால் சிரிப்பார்.

2016 ஏப்ரலில் பெங்களூரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பி.எஃப். பணத்தில் முதலாளி பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஆயிரக்கணக்கான ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், எந்தத் தலைவரும் கூப்பிடாமலேயே சாலைக்கு வந்துவிட்டார்கள். நகரம் நின்றுபோனது. இரண்டாம் நாளே விதி திரும்பப் பெறப்பட்டது. சேமிப்பைப் பற்றிய அறியாமை என்று அப்போது சில படித்தவர்கள் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தையல் ஆலையில் 58 வயது வரை இருப்பவர் எத்தனை பேர்? சில ஆண்டுகள் தைத்து, கண்ணும் முதுகும் போன பிறகு, வேலையை விட்டு, பி.எஃப். எடுத்துக் கடனை அடைத்து, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டி, கொஞ்சம் மூச்சு விட்டு, வேறு ஆலையில் ஆரம்பத்திலிருந்து சேர்வார்கள். அந்தப் பணம்தான் அவர்களுக்கு நீண்ட விடுப்பு. அரசு கை வைத்தது அந்த விடுப்பின் மேல்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 2020 ஜூனில், நம் பக்கத்து ஊர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு ஆடை ஆலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை ஒரே மூச்சில் நிறுத்தியது. அதே பெண்கள், டார்கெட் பலகையைச் சபித்த அதே பெண்கள், ஆலை வாசலில் வாரக்கணக்கில் உட்கார்ந்து, வேலையைத் திருப்பிக் கொடு என்று கேட்டார்கள். தையல் அவர்களுக்குத் தெரிந்த தொழில், ஆலை வீட்டுக்குப் பக்கம், சம்பளம் அவர்கள் கையில் வரும் காசு. வேலையைத் திட்டுவதும் வேலைக்காகப் போராடுவதும் ஒரே வாய்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் பணிச்சோர்வைப் பற்றிப் பேசினால் ‘கஷ்டமாக இருந்தால் வேலையை விட்டுவிடேன்’ என்ற நம் குடும்பத்து யோசனையில்தான் போய் நிற்போம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1961இன் மகப்பேறு நலச் சட்டத்தை 2017இல் திருத்தி, 12 வார விடுப்பை முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரமாக்கினார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் காப்பகம், தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பார்த்துவர உரிமை என்றும் சேர்த்தார்கள். நல்ல சட்டம்தான், ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டின் சம்பள வரம்புக்குள் வரும் தொழிலாளிக்கு மகப்பேற்றுக் காலச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. கழகம் கொடுக்கிறது. அந்த வரம்புக்கு மேலே சம்பளம் வாங்குபவளுக்கு முதலாளியே முழுவதும் கொடுக்க வேண்டும். எனவே நேர்முகத் தேர்வில் ‘கல்யாணம் ஆகிவிட்டதா, எப்போது?’ என்ற விசாரணை அன்பினால் வருவதல்ல.

காப்பகத்தில் வேறொரு சிக்கல். ஆலைக்குள் அறை இருக்கும், சுவரில் பொம்மைப் படம் இருக்கும், தொட்டில் இருக்கும். குழந்தைகள் மட்டும் விரல்விட்டு எண்ணும்படி இருக்கும். தாய்மார்களுக்கு ஆர்வமில்லை என்று நிர்வாகம் சொல்லும். காலை ஏழு மணிக்கு, நிற்கவே இடமில்லாத வண்டியில், ஒரு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முப்பது கிலோமீட்டர் வந்து பார்க்கட்டும், பிறகு பேசலாம். காப்பகம் வேலை இருக்கும் இடத்தில் மட்டும் இருந்தால் போதாது. பிள்ளை தூங்கி எழும் ஊரில் இருக்க வேண்டும்.

அப்படி ஒன்று நம் மாவட்டத்திலேயே தொடங்கியது. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை ஆரம்பித்தபோது, கர்நாடகத்தில் தேர்ந்தெடுத்தது தி.நரசீபுரத்தை. நம் அங்கன்வாடி பிறந்தது அங்கே, காவிரியும் கபினியும் கூடுமிடத்தில். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. முட்டை உண்டு, பாட்டு உண்டு, தடுப்பூசிக் கணக்கு உண்டு. ஆனால் நாலு மணியோடு கதவை மூடிவிடுவார்கள். ஆலை விடுவது ஐந்தரைக்கு. ஊர் வந்து சேர ஆறரை, ஏழு. நடுவில் உள்ள மூன்று மணி நேரத்துக்குப் பாட்டி, பக்கத்து வீடு, அல்லது எட்டு வயது அக்கா. அந்த அக்கா வீட்டுப்பாடம் எப்போது செய்வாள் என்று யாரும் கேட்பதில்லை.

அங்கன்வாடி ஆசிரியையும் ஒரு தாய்தான். ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவர் வந்துவிடுகிறார். அவருக்குச் சம்பளம் கிடையாது, ‘கௌரவ ஊதியம்’. அமீர்பி வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் இவர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்ல என்றது. அந்த வழக்கு கர்நாடகத்திலிருந்து போனது. 2022இல் குஜராத் வழக்கொன்றில் அதே நீதிமன்றம் இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றது. தொண்டு என்று சொல்லி வேலை வாங்கும் இடங்களில்தான் சோர்வு மிக ஆழமாக வேர்விடுகிறது. ஃபிராய்டன்பெர்கர் நியூயார்க்கில் பார்த்தது இதைத்தான்.

ஆசிரியைகள், நர்ஸுகள், வங்கிக்காரர்கள், ஹெப்பாளில் கணினி முன் உட்காருபவர்கள் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இங்கே வந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது வீட்டுக் கதை. இவர்களுக்கு டார்கெட் பலகை சட்டைப் பையில் இருக்கிறது. இரவு ஒன்பதரைக்குத் தலைமையாசிரியர் வாட்ஸ்அப்பில் படிவம் அனுப்புவார். ‘நாளைக் காலைக்குள்’ என்று கீழே ஒரு வரி இருக்கும். 2023இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் கிளாடியா கோல்டின் இத்தகைய வேலைகளைப் பேராசை பிடித்த வேலைகள் என்கிறார். எந்நேரமும் கூப்பிட்டால் வருபவருக்கு மணிக்கணக்கை மீறி அதிகமாகக் கொடுக்கும் வேலைகள் அவை. வீட்டில் ஒருவர் அப்படிப் போக வேண்டுமானால் இன்னொருவர் பின்வாங்க வேண்டும். யார் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவதில்லை. 2023 அக்டோபரில், இந்த ஊர் என்.ஐ.ஈ. பொறியியல் கல்லூரியில் படித்த மென்பொருள் தொழிலதிபர் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் எழுபது மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி நிறுவனத் தலைவர் தொண்ணூறு என்று ஏலம் கேட்டார். வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். மனைவியும் வேலைக்குப் போயிருக்கலாம் என்பது அந்தக் கேள்வியில் இல்லை.

கணக்கைப் பாருங்கள். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு 2019இல், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம் என்றது; ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289 ஆகக் குறைந்தது. மிக்ஸியும் கேஸும் குழாய்த் தண்ணீரும் வந்ததற்கு ஏதோ பலன். ஆண்களுக்கு? அதுவும் குறைந்து 88 ஆகிவிட்டது. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு இந்தக் கூட்டத்தை வைத்திருக்கிறோம். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்களில் பலர் இந்நேரம் திங்கட்கிழமைக்கு மாவு அரைத்துக்கொண்டிருப்பார்கள்.

நிறுவனங்கள் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் மருந்து யோகா. மைசூருவில் அதைக் குறை சொல்லித் தப்ப முடியாது என்று தெரியும். ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் கற்றுக்கொடுத்த ஊர், பட்டாபி ஜோயிஸைத் தேடி உலகமே கோகுலத்துக்கு வந்த ஊர். நானும் காலையில் செய்கிறவள்தான். ஆனால் ‘தாய்மார்களுக்கான மன அமைதி வகுப்பு, சனிக்கிழமை மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை, வருகை கட்டாயம்’ என்று ஓர் அலுவலகத்தில் ஒட்டியிருந்ததைப் படித்தபோது எனக்கே மூச்சுப் பயிற்சி தேவைப்பட்டது. அந்த ஒரு மணி நேரம் முன்னால் வீட்டுக்கு அனுப்பினால் அமைதி தானாக வந்துவிடும்.

நம் தமிழ்க் குடும்பங்களின் மருந்து வேறு: பாட்டி. ஈரோட்டிலிருந்தோ கோபியிலிருந்தோ மாமியாரையோ அம்மாவையோ வரவழைத்துவிடுகிறோம். திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, பேரனுக்குக் காய்ச்சல் என்றால்கூட விடிந்துதான் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. அந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது, முழங்கால் வலி. மொழி தெரியாத அடுக்குமாடியில் மூன்றாம் மாடி. மருமகளின் சோர்வைப் பாட்டி தலைக்கு மாற்றியதைத் தீர்வு என்று எண்ணிக்கொள்கிறோம்.

அரசு செய்தவற்றில் ஒன்றைப் பாராட்டத்தான் வேண்டும். 2023 ஜூனில் வந்த சக்தி திட்டத்தில் பெண்களுக்குப் பஸ் இலவசமானது. வண்டிக்காரனின் நேரத்துக்குக் கட்டுப்படாமல், எந்தச் சாதாரண அரசு பஸ் வந்தாலும் ஏறலாம் என்பது காலர் தைப்பவருக்குப் பெரிய விடுதலை. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று இதே ஊரில் மகாராஜா கல்லூரி மைதானத்தில் கிருகலட்சுமி திட்டம் தொடங்கினார்கள். குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய். பணம் நல்லதுதான், ஆனால் ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவே பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொள்ள அதற்குக் கை கிடையாது. மறுபக்கம், 2023 பிப்ரவரியில் கர்நாடகச் சட்டமன்றம் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, வாரம் 48 மணி என்ற வரம்புக்குள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வைக்கலாம் என்றது. வார வரம்பு அப்படியே இருக்கிறதே என்பார்கள். பிள்ளைக்குப் பசி வாரக் கணக்கில் எடுப்பதில்லை.

நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுக்காக இதே மாநிலத்தில் ‘கூசின மனை’ என்று கிராமப் பஞ்சாயத்துகளில் காப்பகம் திறந்தார்கள், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு. அதை நஞ்சன்கூடு, தாண்டவபுரம், ஹூட்டகள்ளி சுற்றிய பஞ்சாயத்துகளில் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் திறந்துவிடலாம். அங்கன்வாடியை நாலு மணிக்கு மூடாமல் ஏழு வரை வைத்திருக்கலாம். அதே ஆசிரியையை இன்னும் மூன்று மணி நேரம் உட்கார வைத்து அல்ல. மாலைக்கென்று இன்னொருவரை, முறையான சம்பளத்தில் அமர்த்தி. செலவுக்கு ஆலைகளிடம் கேட்கலாம், ஆளில்லாத தொட்டில் அறைக்கு அவர்கள் செலவழிப்பதை இங்கே கொடுக்கட்டும். இது தொழிலாளர் துறையும் பெண்கள் குழந்தைகள் நலத் துறையும் சேர்ந்து உட்கார வேண்டிய விஷயம். மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். கன்னடத்தில் இருக்கிறது, வாசலில் மேசை மேல் வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஏதாவது கேட்க வேண்டுமானால் கேளுங்கள். பெண்களில் யாருக்காவது கிளம்ப நேரமாகிவிட்டிருந்தால் அவர்கள் முதலில் கேட்கட்டும்.